டெட் தாள் 1 கணிதம்: கோடுகள், கோணங்களை நான் படித்த விதம்

ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) முதல் தாளில் மொத்தம் 150 கேள்விகள். அதில் கணிதம் 30. பிளஸ் டூவில் கலைப் பிரிவு எடுத்துவிட்டு டி.டி.எட். (ஆசிரியர் பட்டயப் படிப்பு) முடித்தவர்களுக்கு இந்த 30 கேள்விகள்தான் பெரிய பயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படிப் பயப்படுகிறவர்கள் கோடுகள், கோணங்கள் பகுதியில் இருந்து தொடங்குங்கள் என்று தைரியமாகச் சொல்வேன். பெரிய சூத்திரம் எதுவும் கிடையாது. கூட்டல், கழித்தல், சின்னச் சமன்பாடு போதும். கேள்வியில் வரும் பெயருக்குச் சரியான பொருள் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கைடு வாங்குவதற்கு முன்னால் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு சமச்சீர்ப் பாடநூல்களின் முதல் பருவத்தில் உள்ள வடிவியல் பாடங்களை முழுதாகப் படித்துவிடுங்கள். அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு, கதிர் நான்கும் ஒரே நாளில் முடிந்துவிடும். கோட்டுக்கு முடிவே இல்லை, கோட்டுத்துண்டுக்கு இரண்டு முனை, கதிருக்குத் தொடக்கப்புள்ளி ஒன்று மட்டும். கோடு ஏபி என்றாலும் பிஏ என்றாலும் ஒன்றுதான், ஆனால் கதிர் ஏபி வேறு, கதிர் பிஏ வேறு. ஒரு கோடமைப் புள்ளிகள், ஒருங்கமைக் கோடுகள் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஒரே கோட்டின் மேல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் இருந்தால் முதலாவது. ஒரே புள்ளி வழியாக மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கோடுகள் போனால் இரண்டாவது.

கோணங்களுக்கு வந்தால்தான் பெயர்கள் குவியும். எனக்கு உண்மையில் வழி திறந்தது, அந்தப் பெயர்களை இரண்டாகப் பிரித்த பிறகுதான். சில பெயர்கள் அளவைச் சொல்கின்றன, சில பெயர்கள் இடத்தைச் சொல்கின்றன.

குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம், நேர்க்கோணம், பின்வளைகோணம் எல்லாம் அளவுப் பெயர்கள். கூடுதல் 90 பாகை என்றால் நிரப்புக் கோணங்கள், 180 என்றால் மிகை நிரப்புக் கோணங்கள். இவையும் அளவுப் பெயர்களே. ஒரு கோணம் இந்தப் பக்கத்திலும் இன்னொன்று அடுத்த பக்கத்திலும் இருந்தாலும் கூடுதல் 180 வந்தால் அவை மிகை நிரப்புதான்.

அடுத்துள்ள கோணங்கள், குத்தெதிர்க் கோணங்கள், ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள் இவை இடப் பெயர்கள். அடுத்துள்ள கோணங்கள் என்று சொல்ல மூன்று நிபந்தனை வேண்டும்: பொது முனை, பொதுக் கதிர், உட்பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய கோணத்துக்குள்ளேயே அடங்கும் சின்னக் கோணத்தைக் காட்டி ‘அடுத்துள்ளதா?’ என்று கேட்டால் அங்கேதான் மாட்டுவார்கள்.

நேரிய கோண இணைக்கு இரண்டும் வேண்டும். அடுத்தடுத்தும் இருக்க வேண்டும், கூடுதல் 180-ஆகவும் இருக்க வேண்டும். அதனால் நேரிய கோண இணை எல்லாமே மிகை நிரப்புக் கோணங்கள். மிகை நிரப்புக் கோணங்கள் எல்லாமே நேரிய கோண இணை ஆகிவிடாது. ‘எது சரியான கூற்று?’ வகைக் கேள்விகளுக்கு இது ஒன்றே நிறைய இடத்தில் கைகொடுக்கும்.

இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் எதிரெதிரே இருக்கும் குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அங்கே சுற்றி வரிசையாக எண்ணினால் முதல் கோணமும் இரண்டாவதும் சேர்ந்தால் 180. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தாலும் 180. அப்படியானால் முதலாவதும் மூன்றாவதும் சமமாக இருந்துதானே ஆக வேண்டும்? யூக்ளிட் தன் முதல் புத்தகத்தின் 15-ஆவது தேற்றத்தில் செய்திருப்பதும் இதே வேலைதான்.

குறுக்குவெட்டிக்கு, அதாவது இரண்டு கோடுகளை வெவ்வேறு புள்ளிகளில் வெட்டிச் செல்லும் கோட்டுக்கு, மட்டும் ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். கோடு போடாத தாளில், வேண்டுமென்றே இணையாக இல்லாத இரண்டு கோடுகளை வரைந்து, அவற்றின் குறுக்கே ஒன்று போடுங்கள். எட்டுக் கோணங்கள் கிடைக்கும். எண் போட்டு இணைகளை எழுதுங்கள்: ஒத்த கோணங்கள் (இரண்டு வெட்டுமிடத்திலும் ஒரே நிலையில் இருப்பவை) நான்கு இணை, ஒன்றுவிட்ட உட்கோணங்கள் (குறுக்குவெட்டிக்கு எதிரெதிர்ப் பக்கம், இரண்டு கோடுகளுக்கு உள்ளே இருப்பவை) இரண்டு, ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள் (அதேபோல் வெளியே இருப்பவை) இரண்டு, குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கம் அமைந்த உட்கோணங்கள் இரண்டு. இப்போது கோணமானி வைத்து அளந்து பாருங்கள். ஒத்த கோணங்கள் சமமாக வராது! பெயர் இருக்கும், சமம் இருக்காது. அப்புறம் அளவுகோலின் இரண்டு விளிம்பையும் ஒட்டிக் கோடு இழுத்தால் இணைகோடுகள் வந்துவிடும். அதே குறுக்குவெட்டி, அதே அளத்தல். இந்த முறை எட்டுக் கோணத்துக்கும் சேர்த்து இரண்டே அளவுதான் வரும். குறுக்குவெட்டி செங்குத்தாக இருந்தால் ஒரே அளவு. இணைகோடுகளில் ஒத்தவை சமம், ஒன்றுவிட்டவை சமம், ஒரே பக்க உட்கோணங்களின் கூடுதல் 180.

ஒத்த கோணங்களுக்கு ‘எஃப்’ வடிவம், ஒன்றுவிட்ட உட்கோணங்களுக்கு ‘இசட்’ வடிவம் என்று கற்றுத் தருவார்கள். தொடக்கத்துக்குச் சரி. படம் சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அந்த எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கமா எதிர்ப்பக்கமா, இரண்டு கோடுகளுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டுப் பழகுங்கள்.

பெயர் மாறினால் விடை எப்படி மாறும் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுகிறது. இரு கோணங்கள் 3எக்ஸ் + 10, 2எக்ஸ் + 20. அவை ஒத்த கோணங்கள் என்றால் இரண்டும் சமம், எக்ஸ் = 10, கோணங்கள் 40, 40. ஒரே பக்க உட்கோணங்கள் என்றால் 5எக்ஸ் + 30 = 180, எக்ஸ் = 30, கோணங்கள் 100, 80. விடைத் தெரிவுகளில் 10, 30 இரண்டுமே இருந்தால் பெயரைச் சரியாகப் படித்தவருக்குத்தான் மதிப்பெண்.

கற்பித்தல் முறை சார்ந்தும் கேள்வி வரும் என்பதால் இதையும் மனதில் வையுங்கள்: கதிர்களை நீளமாக வரைந்தால் கோணமும் பெரிது என்று குழந்தைகள் நினைப்பார்கள். ஒரே கோணத்தைக் குட்டையாகவும் நீளமாகவும் வரைந்து அவர்களையே அளக்கவிட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

தேர்வறையில் படம் தராத கேள்வி வந்தால், வெற்றிடத்தில் சின்னதாக வரைந்த பிறகே கணக்கைத் தொடுங்கள். படம் தந்திருந்தால் கண்ணுக்கு இணையாகத் தெரிவதை நம்பாதீர்கள். கோடுகளின் மேல் அம்புக்குறி இருக்கிறதா, மூலையில் செங்கோணத்துக்கான சின்னச் சதுரம் இருக்கிறதா, கேள்வியில் ‘இணை’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் மார்க் கிடையாது என்பதால் எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதிவிட்டு வாருங்கள்.