வார்டுக்குப் போகும் முன் ஒரு எண்: க்ளினிக்கல் பயிற்சியும் காசநோய்த் தொற்றும்

மருத்துவம், செவிலியம், ஆய்வகத் தொழில்நுட்பம், பிசியோதெரபி என்று எதைப் படித்தாலும், வார்டுக்குள் கால் வைக்கும் முன் முடித்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. உடம்பில் காசநோய்க் கிருமி ஏற்கெனவே குடியிருக்கிறதா என்று பார்த்து, கிடைத்த முடிவை எண்ணாக எழுதி வைப்பதுதான் அது. மாணவர்களுக்குப் பரிசோதனை போடுவது, படிப்பது, தொற்று தெரிந்தவர்களை மாத்திரை முடியும்வரை தொடர்வது என்ற வேலையில் நாங்கள் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த முதல் எண் இல்லாததால்தான் வருகின்றன. இரண்டாம் ஆண்டில், மான்டூ என்ற காசநோய்த் தோல் பரிசோதனையில் ஒருவர் கையில் 14 மி.மீ. தடிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் வார்டில் தொற்றியதா, சின்ன வயதில் யாரிடமிருந்தோ வந்ததா, பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி விட்டுப்போன மிச்சமா? தொடக்க எண் கையில் இல்லையென்றால் யாராலும் சொல்ல முடியாது. புதுத் தொற்றாக இருந்தால் காத்திருக்கவும் கூடாது. சிகிச்சை எடுக்காமல் விட்டால், தொற்றியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நோயாக மாறும். அதில் ஏறக்குறைய பாதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்துவிடுகிறது.

மான்டூ பரிசோதனை பார்க்க எளிது, தவறு செய்யவும் எளிது. முன்கையின் உட்புறத்தில் 0.1 மி.லி. பிபிடியை (காசநோய்க் கிருமியின் புரதத்திலிருந்து எடுத்த மருந்து) தோலுக்குள்ளேயே செலுத்த வேண்டும். தோலுக்கு அடியில் போய்விடக் கூடாது. ஊசியின் வாய் மேல்நோக்கி இருக்க, தோலோடு ஏறக்குறைய படுக்கவைத்து நுழைத்தால் 6 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு வெளுத்த கொப்புளம் எழும். எழவில்லையென்றால் மருந்து ஆழமாகப் போயிருக்கிறது. அப்போதே, 5 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி இன்னொரு இடத்தில் மறுபடி போட்டுவிடுவதே சரி. எந்தக் கை, எந்த இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேய்க்கக் கூடாது, சொறியக் கூடாது, பிளாஸ்டர் ஒட்டக் கூடாது.

முடிவைப் படிப்பது, ஊசி போட்டதிலிருந்து 48 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில். விடுமுறைக்கு முந்தின நாள் போட்டால் படிக்க வேண்டிய நாளில் ஆள் வரமாட்டார். 72 மணி நேரம் தாண்டி வந்து கை சமதளமாக இருந்தால் அதை நெகட்டிவ் என்று எழுத முடியாது. திரும்பப் போட வேண்டியதுதான். கையைத் தானே பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று தகவல் அனுப்பும் பழக்கத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள். பயிற்சி பெற்ற இன்னொருவர்தான் தொட்டுப் படிக்க வேண்டும்.

அளக்க வேண்டியது தடிப்பை. சிவப்பு எவ்வளவு பரவியிருந்தாலும் கணக்கில் வராது. ஒரு பால்பாயின்ட் பேனாவைச் சற்றே தள்ளி வைத்து, தடிப்பை நோக்கி மெல்ல இழுத்தால் விளிம்பில் தடுக்கும். அங்கே நிறுத்துங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதேபோல இழுத்து, இரண்டு கோடுகளுக்கு இடையிலான தூரத்தைக் கையின் குறுக்குவாக்கில் ஸ்கேலால் அளக்கலாம். தடிப்பு இல்லையென்றால் "0 மி.மீ." என்று எழுதுங்கள். வெறுமனே "நெகட்டிவ்" என்று எழுதிய தாள் அடுத்த ஆண்டு ஒப்பிட உதவாது. இன்னொரு பழக்கமும் கெடுதல் செய்கிறது: 9 மி.மீ.யையும் 11 மி.மீ.யையும் "10" என்று உருட்டி எழுதுவது. மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாக 10 மி.மீ.தான் எல்லைக்கோடு. அந்த இடத்தில் ஒரு மி.மீ. உருட்டினால் முடிவே மாறிவிடும்.

முதல் மான்டூ நெகட்டிவ் என்றால் வேலை முடிந்துவிடவில்லை. 1 முதல் 3 வாரங்களுக்குள் இரண்டாவது ஒன்று போட வேண்டும். பழைய தொற்றோ பிசிஜியோ விட்டுச்சென்ற நினைவு உடம்பில் மங்கிப்போயிருக்கலாம். முதல் ஊசி அதைத் தட்டி எழுப்பும், இரண்டாவதில் தடிப்பாகத் தெரியும். இந்த இரண்டாம் படியை விட்டுவிட்டால், எழுந்த அந்த நினைவு அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் "வார்டில் பிடித்த புதுத் தொற்று" போல வேடம் காட்டும். தேவையில்லாத மாத்திரைக்கும் மனக்கலக்கத்துக்கும் இதுவே நாங்கள் அடிக்கடி கண்ட காரணம்.

சேர்க்கை சமயத்தில் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளும் வரிசையில் நிற்கும். இவை உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள். காசநோய்ப் பரிசோதனையை அதே நாளில் செய்துவிடலாம். தடுப்பூசி முந்திவிட்டால் 4 வாரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பொய்யான நெகட்டிவ் வரக்கூடும்.

காசநோய்க் கிருமியை அறிந்த ரத்த அணுக்கள் வெளிவிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு இந்த இரண்டு படித் தொல்லை இல்லை, பிசிஜியாலும் அது ஏமாறாது. அங்கே தவறு நடப்பது டியூப்பில். இவ்வகைப் பரிசோதனையான குவான்டிஃபெரான் பிளஸ்ஸில் 4 டியூப், ஒவ்வொன்றிலும் 1 மி.லி., குறியிட்ட கோட்டளவுக்குத்தான். உட்சுவர் முழுக்க ரத்தம் படும்படி 10 தடவை குலுக்க வேண்டும். அதைவிட வேகமாக அடித்தாலும் கெடும், சும்மா சாய்த்துவிட்டாலும் கெடும். 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டருக்குப் போய், 16 முதல் 24 மணி நேரம் அங்கே இருக்க வேண்டும். அதுவரை குளிர்பெட்டியில் வைத்துவிடாதீர்கள். எல்லைக்கோடு மி.லி.க்கு 0.35 சர்வதேச அலகு. அறிக்கையில் பாசிட்டிவ், நெகட்டிவ் மட்டும் இருந்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 0.38 வந்தவருக்கு அடுத்த தடவை 0.22 வருவது அதிசயமில்லை, கோட்டை ஒட்டி ஏறி இறங்குவது இந்தப் பரிசோதனையின் இயல்பு. அப்படிப்பட்டவருக்கு நோய்த்தொடர்பு எதுவும் தெரியவில்லையென்றால் மாத்திரை தொடங்கும் முன் ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது. "தீர்மானிக்க முடியவில்லை" என்று வரும் முடிவை நெகட்டிவ் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதில் பலருக்கும் கணக்குத் தப்புகிறது. காசநோய் வார்டுக்குப் போக எல்லோரும் அஞ்சுகிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு நோய் இன்னதென்று தெரியும், மருந்து ஓடுகிறது, நீங்களும் மாஸ்க் போட்டிருப்பீர்கள். பொருத்தமான மருந்து தொடங்கியதும் தொற்றும் திறன் வேகமாகக் குறைகிறது. 1950களில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வாளர் ரைலியின் குழுவினர் காசநோய் வார்டின் காற்றை கினிப் பன்றிகள் இருந்த அறைக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தப் பன்றிகளுக்கு வந்த பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் சில நோயாளிகள் மட்டுமே. அஞ்ச வேண்டியது, நிமோனியா என்றோ நீரிழிவு என்றோ சேர்க்கப்பட்டு, பொது மருத்துவ வார்டில் இருமிக்கொண்டிருக்கும், இன்னும் கண்டுபிடிக்கப்படாத நோயாளியிடம். அவசரப் பிரிவு, மூச்சுக்குழாய் உள்நோக்கு அறை, பிணக்கூறாய்வு அறை, சளி மாதிரி கையாளும் ஆய்வக மேசை ஆகியவையும் அதே வரிசையில் வரும்.

மாணவரின் வேலை முறையே வெளிப்பாட்டைக் கூட்டுகிறது. ஒரு மருத்துவர் பத்து நிமிடம் நிற்கும் படுக்கையருகே மாணவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நோய் வரலாறு எழுதுகிறார். ஒரே நோயாளியைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் குனிகிறார்கள். நுரையீரலின் உச்சியில் ஒலி கேட்க "இருமுங்கள்" என்று சொல்லிவிட்டு முகத்துக்கு நேரே நிற்கிறார்கள்! நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்து, முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல்லி, நீங்கள் பின்பக்கம் நின்று கேளுங்கள். சளி எடுக்கச் சொல்வது திறந்த வெளியில். கழிவறையிலோ ஜன்னலில்லா மூலையிலோ வேண்டாம், அடுத்து உள்ளே போகிறவர் அந்தக் காற்றைத்தான் மூச்சிழுப்பார்.

காற்றைக் கணக்கிட முடியும். ஜன்னல்கள் எதிரெதிரே திறந்த அறையில், 0.65 × காற்றின் வேகம் (ஒரு நொடிக்கு மீட்டரில்) × திறப்புகளில் சிறியதன் பரப்பு (ச.மீ.) × 3600, அதை அறையின் கன அளவால் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று தெரியும். 6 × 5 × 3 மீட்டர் அறை, 1 ச.மீ. திறப்பு, நொடிக்கு 0.5 மீட்டர் காற்று என்றால் 13. காசநோயாளி இருக்கும் அறைக்குக் கேட்கப்படும் 12ஐ அது தாண்டிவிட்டது. ஒரு ஜன்னலைச் சாத்தினால் இந்தக் கணக்கே செல்லாது. 12 மாற்றம் உள்ள அறையில், கிருமி வெளியேறுவது நின்ற பிறகு, மிதப்பவற்றில் 99 விழுக்காடு வெளியேற 23 நிமிடம் ஆகும். 2 மாற்றம் மட்டும் என்றால் 138 நிமிடம். நோயாளி வெளியேறிய அறைக்குள் உடனே நுழையக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உட்காரும் இடமும் முக்கியம்: காற்று உங்களைத் தாண்டி நோயாளியிடம் போக வேண்டும். எழுதத் தொடங்கும் முன் ஒரு தாள் துண்டைத் தூக்கிப் பிடித்துக் காற்றின் திசையைப் பாருங்கள்.

சர்ஜிக்கல் மாஸ்க் நோயாளிக்கு, என்95 உங்களுக்கு. என்95 முகத்தோடு ஒட்டினால்தான் வேலை செய்யும். தாடி இருந்தால் ஒட்டாது. இரண்டு பட்டைகளையும் கழுத்தில் மாட்டினாலும், ஒன்றோடொன்று குறுக்காகப் போட்டாலும் கசியும். மூக்குத் தகட்டை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இடைவெளி விழும், இரண்டு கை விரல்களாலும் வழித்து அமர்த்துங்கள். மாஸ்க் முகத்தில் ஒட்டுகிறதா என்று கசப்புத் துளிகளைத் தெளித்துப் பார்க்கும் ஃபிட் டெஸ்ட்டில் அந்தச் சுவை உள்ளே தெரிந்தால் வேறு அளவோ வேறு வடிவமோ முயல வேண்டும். டெஸ்ட்டுக்கு முன் 15 நிமிடம் எதுவும் சாப்பிடக் கூடாது, இல்லையென்றால் சுவை உணர்வு மங்கி, கசியும் மாஸ்க்கும் தேறிவிடும். மாட்டுவது அறைக்கு வெளியே, கழற்றுவது வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு.

தெரியாமல் வெளிப்பட்டுவிட்டீர்களா? தேதி, அறை, எத்தனை மணி நேரம், மாஸ்க் இருந்ததா என்று அன்றே எழுதுங்கள். அந்த நோயாளியின் மருந்து எதிர்ப்பு முடிவையும் கேட்டு வையுங்கள், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி என்றால் தடுப்பு மருந்தே வேறு. முதல் பரிசோதனை பழையதென்றால் உடனே ஒன்று, பிறகு 8 முதல் 10 வாரம் கழித்து ஒன்று. மறுநாளே நெகட்டிவ் வந்ததை வைத்து நிம்மதி அடைய முடியாது, உடம்பு எதிர்வினை காட்டச் சில வாரங்கள் பிடிக்கும்.

பாசிட்டிவ் வந்தால் நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. அறிகுறி கேட்டு, எக்ஸ்ரே பார்த்து, நோய் இல்லையென்று உறுதிசெய்த பிறகே தடுப்பு மருந்து. மறைந்திருக்கும் தொற்று யாருக்கும் பரவாது, போஸ்டிங்கை நிறுத்தத் தேவையில்லை, விடுதியில் தட்டைத் தனியே வைக்கத் தேவையில்லை. இதைப் பொதுவில் சொல்லிவிடாமல் பாதுகாப்பது நிர்வாகத்தின் கடமை.

வாரம் ஒருமுறை ஐசோனியசிட், ரிஃபாபென்டின் சேர்த்து 12 தடவை எடுக்கும் முறையை மாணவர்கள் முடிக்கிறார்கள். தினமும் 6 அல்லது 9 மாதம் ஐசோனியசிட் என்றால் பாதியில் விடுவோர் அதிகம். வாரத்தில் ஒரு நாளை நிலைநிறுத்துங்கள். தேர்வு வாரத்தில் தப்பினாலும் 16 வாரங்களுக்குள் 11 தடவை எடுத்துவிட்டால் முடித்ததாகக் கொள்ளலாம். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், உடல்வலி போல வரலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும், மென்மையான கான்டாக்ட் லென்ஸில் கறை ஏறும். கருத்தடை மாத்திரை பலன் குறையும், வேறு வழி வேண்டும். மது கூடாது. சிறுநீர் நிறம் ஏற்கெனவே மாறியிருப்பதால் மஞ்சள்காமாலையை அதில் கண்டுபிடிக்க முடியாது. பசியின்மை, குமட்டல், வயிற்றின் வலப்புற வலி, கண்ணில் மஞ்சள் என்று எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள்.

எங்களை அதிகம் கவலைப்படவைப்பது இன்னொன்று. இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு, வருகைப் பதிவு போய்விடும் என்று சொல்லாமல் இருக்கும் மாணவர். கையில் மருந்து கிடைக்கிறதே என்று லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்வார். அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் தணியும், சளிப் பரிசோதனை தவறாக நெகட்டிவ் வரலாம், கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும், கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் திறன் வளரவும் இடமுண்டு. இருமல் நீண்டால் மருந்துக்கு முன் சளியைக் கொடுங்கள். நீரிழிவு, எச்.ஐ.வி., நீண்டகால ஸ்டீராய்டு என்று எதிர்ப்பு சக்தியைக் குறைப்பது ஏதும் இருந்தால் போஸ்டிங் பட்டியல் போடும் முன்பே மாணவர் நலப் பிரிவில் தனியாகச் சொல்லி இடம் மாற்றிக்கொள்ளலாம்.

ஒருமுறை உறுதியாக பாசிட்டிவ் ஆனவருக்குத் திரும்ப மான்டூ போடக் கூடாது, மாத்திரை முடித்த பின்னும் அது பாசிட்டிவ்வாகவே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அறிகுறி கேட்டால் போதும், அறிகுறி இருந்தால்தான் எக்ஸ்ரே. அடுத்த மருத்துவமனைக்குப் போகும்போது மி.மீ. எண், தேதி, எக்ஸ்ரே முடிவு, எடுத்த மருந்து, முடித்த நாள் ஆகிய ஐந்தும் இருக்கும் ஒரே தாளின் நகலைக் கையில் வைத்திருங்கள். அந்தத் தாள் இல்லாமல் போனவர்களுக்கு எல்லாமே முதலிலிருந்து தொடங்குகிறது.