காற்றாலை மின்சாரம் ஏன் ஏறி இறங்குகிறது?

உற்பத்தி ஏறி இறங்கினால் உடனே இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம். எந்தக் காற்று வேகத்தில் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

விநாடிக்கு 4 முதல் 11 மீட்டர் வரையிலான வேகத்தில் ஆட்டம் இருப்பது இயல்பு. அங்கே மின்திறன் காற்று வேகத்தின் மும்மடியைப் பின்பற்றுகிறது. 8 மீட்டராக இருந்த வேகம் 6 ஆனால் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வேகம் 10 சதவீதம் குறைந்தாலே 27 சதவீதத் திறன் போய்விடும். வெயிலுக்கும் பங்குண்டு: 15 டிகிரியில் இருப்பதைவிட 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல் குறைவு.

முழுத்திறனை எட்டிய பிறகும் ஆடினால்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த வேகத்தில் பிளேடுகளைத் திருப்பித் திறனை ஒரே அளவில் பிடித்து வைப்பது பிட்ச் அமைப்பின் வேலை. ஒரு பிளேடின் கோண சென்சார் மட்டும் இரண்டு டிகிரி தவறாகக் காட்டினால்கூட, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டவர் அசையும். மூன்று பிளேடுகளின் கோணத்தையும் வேர்ப்பகுதியில் உள்ள பூஜ்ஜியக் குறியோடு ஒப்பிடுங்கள். ஹைட்ராலிக் பிட்ச் என்றால் எண்ணெய் அழுத்தத்தையும் அக்குமுலேட்டரின் (அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலன்) நைட்ரஜன் அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லா வேகத்திலும் உற்பத்தி கொஞ்சம் கொஞ்சம் குறைகிறதா? நாசெல் (டவர் உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் கூடு) மேல் இருக்கும் காற்றுத்திசை காட்டியைப் பாருங்கள். அதன் பிடிப்பு போல்ட் தளர்ந்து, குறி நாசெலின் மையக்கோட்டிலிருந்து 10 டிகிரி விலகினாலே 4 சதவீதம் போல இழப்பு வரும். அலாரம் எதுவும் அடிக்காது என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஒரே திசைக் காற்றில் மட்டும் உற்பத்தி விழுந்தால் அது முன்னால் நிற்கும் காற்றாலையின் நிழல், அதாவது அது கடந்து வரும் காற்று வேகம் குறைந்து வருகிறது. சரிசெய்ய உங்கள் இயந்திரத்தில் எதுவும் இல்லை.

நல்ல காற்றில் திடீரென்று பூஜ்ஜியமானால், நாசெல் ஒரே பக்கம் பலமுறை திரும்பி முறுக்கேறிய கேபிளை அவிழ்க்க இயந்திரம் தானே நின்றிருக்கலாம். புயற்காற்றில், பெரும்பாலான இயந்திரங்களில் 25 மீட்டரைத் தாண்டியதும், நிற்பதும் பாதுகாப்புக்காகத்தான். வேகம் நன்றாகத் தணிந்த பிறகே அது மறுபடி சுற்றும்.

இதையெல்லாம் பத்து நிமிடச் சராசரியை வைத்துத் தேடாதீர்கள். பிட்ச் கோளாறு சில விநாடிகளில் வந்து போகிறது. சராசரி அதை அப்படியே மறைத்துவிடும். ஒரு விநாடிப் பதிவில் திறன், பிட்ச் கோணம், ரோட்டர் வேகம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டால், எது முதலில் அசைகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.