வெல்லத்துல ஹைட்ரஜன்: மூணாவது பாட்டில்ல தான் "டப்"னுச்சு

நெல்லிக்குப்பத்துல சாராய ஆலைக் கழிவுல இருந்து பாக்டீரியாவை வச்சு ஹைட்ரஜன் எடுத்துப் பார்த்திருக்காங்கனு படிச்சதுல இருந்தே கை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

முதல் பாட்டில் மானக்கேடு. குளத்துச் சேத்தை அப்படியே வெல்லத்தண்ணில கலந்து மூடி, மீன்தொட்டி ட்யூபை சொருகி எம்சீல் அடிச்சு வச்சேன், மறுநாள் காலைல குபுகுபுனு குமிழி, எனக்குத் தலைகால் புரியல, வீட்ல எல்லாரையும் கூப்ட்டு காட்டிட்டேன். சாயங்காலம் அதே கேஸை சுண்ணாம்புத் தண்ணி வழியா விட்டா தண்ணி பாலா வெளுத்துச்சு, மேல மிச்சம்னு ஒண்ணுமே வரல. திறந்தா கள்ளு வாடை. ஈஸ்ட் பண்ண வேலை, வந்தது பூரா கார்பன் டை ஆக்சைடு.

ரெண்டாவதுல சாணிக் கரைசலை கொல்லைல பழைய அலுமினியச் சட்டில அரைமணி நேரம் நல்லா கொதிக்க விட்டேன், வெல்லத்தண்ணியையும் தனியா கொதிக்க வச்சு ஆற வச்சேன். கொதிச்சா எல்லாம் செத்துராதானு அம்மா கேட்டாங்க, நியாயமான கேள்வி தான். ஆனா ஹைட்ரஜன் விடுற க்ளாஸ்ட்ரிடியம்ங்கற பாக்டீரியா கெட்டி ஓடு போட்ட வித்தா (ஸ்போர்) மாறி கொதியைத் தாங்கிக்கும், ஹைட்ரஜனைத் தின்னு மீத்தேனா மாத்துற கூட்டத்துக்கு அந்த வித்தை தெரியாது, அது போயிரும். ஆக்சிஜன் இவங்களுக்கு ஆகாதுங்கறதால பாட்டில் கழுத்து வரைக்கும் ரொப்பிட்டேன்.

இந்த தடவை கள்ளு வாடை இல்ல, கெட்டுப்போன வெண்ணெய் நாத்தம், பியூட்டிரிக் ஆசிட். சந்தோஷமா மோந்து பார்த்தது நான் ஒருத்தன் தான். ஆனா ரெண்டாம் நாளே நின்னுபோச்சு. புளிப்பு எவ்ளோனு காட்டுற பிஹெச் பேப்பர்ல பார்த்தா 4 கிட்ட (7க்கு கீழ இறங்க இறங்க ஆசிட் ஜாஸ்தி), அதுங்க விட்ட ஆசிட்டே அதுங்க கழுத்தை நெரிச்சிருச்சு.

மூணாவதுல 20 கிராம் வெல்லம், ஒன்றரை லிட்டர் தண்ணி, காலைலயும் ராத்திரியும் பிஹெச் பார்த்து 5.5க்கு கீழ போனா ஒரு சிட்டிகை ஆப்பசோடா. இதுல ஒரு ஏமாத்து இருக்கு, சோடா ஆசிட்ல பட்டாலே கார்பன் டை ஆக்சைடு வரும், அதைப் பார்த்துட்டு ஆஹா வேலை செய்யுதுனு குதிக்கக் கூடாது, சுண்ணாம்பைத் தாண்டி வர்றதை மட்டும் தான் எண்ணணும். தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி ஒரு லிட்டர் இருந்தாலும் அரை லிட்டர் சுமாருக்குத் தான் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும்ங்கறதால கலங்கலான சுண்ணாம்புப் பாலா வச்சுக்கிட்டேன். பாட்டிலை அப்பப்போ குலுக்கினா திபுதிபுனு வருது, தண்ணிக்குள்ளயே ஹைட்ரஜன் தங்கினா அதுங்க சுணங்கிடும் போல.

நாலு நாள்ல 1.1 லிட்டர். ஒரு டெஸ்ட் ட்யூப்ல மட்டும் பிடிச்சு தீக்குச்சி காட்டினேன், "டப்", ஹைட்ரஜனோட அடையாளச் சத்தம். பெரிய பாட்டில் பக்கம் நெருப்பே கொண்டு போகல, காத்துல 4 சதவீதத்துல இருந்து 75 வரைக்கும் எப்படிக் கலந்தாலும் பத்திக்கிற கேஸ் இது, விளையாடாதீங்க.

கணக்கு போட்டா தான் சிரிப்பு வருது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுல இருந்து 12 ஹைட்ரஜன் மூலக்கூறு வரைக்கும் கணக்குல வரும், ஆனா இருட்டு நொதித்தல்ல, அதாவது நான் பண்ண மாதிரி வெளிச்சம் தேவையில்லாத வழில, அசிட்டிக் ஆசிட் வழில போனா 4, பியூட்டிரிக் வழில போனா 2, அவ்ளோதான். வெல்லத்தை முழுச் சர்க்கரைனே வச்சு 4னு போட்டாலும் எனக்கு 11 லிட்டருக்கு மேல வந்திருக்கணும், பத்துல ஒரு பங்கு கூட வரல. வந்ததை எரிச்சா ஒரு டம்ளர் தண்ணி வெதுவெதுப்பாகும், சாணியைக் கொதிக்க வச்ச விறகை நான் கணக்குலயே சேர்க்கல.

மிச்ச சக்தி அந்த நாத்தம் பிடிச்ச தண்ணில ஆசிட்டா தான் உக்காந்திருக்கு. வெளிச்சத்துல அந்த ஆசிட்டைத் தின்னு ஹைட்ரஜன் விடுற ஊதா பாக்டீரியா இருக்கு, அதுக்காக பாதியை கண்ணாடி ஜாடில ஊத்தி குளத்துச் சேறு போட்டு மாடில வச்சிருக்கேன். ஆறு நாளாச்சு. ஊதா வரல, பச்சைப் பாசி தான் பிடிக்குது, அது ஆக்சிஜனை வேற விட்டுத் தொலைக்கும்.