என்ன போஸ்ட் போடறதுன்னு தெரியலையா? கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நோட்டு வைங்க

காங்கேயம் பக்கத்துல எங்களுக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய் கடை. செக்கு மாமனார் பொறுப்பு, சரக்கு எடுக்கறதும் கொரியர் போடறதும் வீட்டுக்காரர், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் நான். என்னை மாதிரியே சின்னதா கடை வெச்சிருக்கற சிநேகிதிங்க போன் பண்ணா கடைசில வந்து நிக்கறது இந்தக் கேள்விலதான், "தினமும் என்னத்தடி போடறது, ஒண்ணுமே தோண மாட்டேங்குது". அவங்களுக்கு துண்டு துண்டா சொன்னதை எல்லாம் சேர்த்து இங்க எழுதிடறேன், யாருக்காவது உதவட்டும்.

முதல் விஷயம், ஐடியா யோசிக்கறேன்னு தனியா உக்காராதீங்க. அது வராது. ஐடியா எல்லாம் கடைக்கு வர்றவங்க வாயிலதான் இருக்கு. எங்க கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு கிடக்கும், நூல்ல பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கோம், யார் என்ன கேட்டாலும் அதுல எழுதணும். நேர்ல கேட்டாலும் சரி, போன்ல கேட்டாலும் சரி, வாட்ஸ்அப்ல ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலும் சரி. அதுவும் அவங்க கேட்ட அதே வார்த்தையில எழுதணும், நாம அழகு படுத்தக்கூடாது. "எண்ணெயில் படிவு உண்டாவது ஏன்"னு எழுதி வெச்சா அது பாடப்புத்தகம், யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. "ஏனுங்க அம்மிணி, பாட்டில் அடியில மண்டி நிக்குதே, இது நல்ல எண்ணெய்தானா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்களே, அதை அப்படியே வீடியோ மேல எழுத்தா போட்டோம். அதைப் பாத்தவங்க "நானும் இதையேதான் கேக்கணும்னு இருந்தேன்"னு வந்தாங்க பாருங்க, அதுதான் நமக்கு வேணும்.

அதுக்கு பதில் என்ன, ரொம்ப சின்னது. செக்குல இருந்து இறக்கின எண்ணெயை நாங்க ரெண்டு மூணு நாள் வெயில்ல வெச்சு தெளிய விட்டு மேலோட இருக்கறதை துணியில வடிச்சு எடுக்கறோம், அப்பவும் பொடிப் பொடியா கொஞ்சம் பருப்புத் தூள் தப்பிச்சு வந்துடும், அதுதான் அந்த மண்டி. ஜன்னல் வெளிச்சத்துல பாட்டிலை மெதுவா சாய்ச்சுக் காட்டினேன், மண்டி நகர்ந்து போறது நல்லா தெரிஞ்சது, அவ்வளவுதான் வீடியோ. முகம் காட்டலை, பாட்டு போடலை.

இன்னொரு கேள்வி வாரம் தவறாம வரும், "பாக்கெட் எண்ணெய் இவ்வளவு கம்மியா கிடைக்குது, உங்களது மட்டும் ஏன் இந்த விலை?" இதுக்கு கோவப்பட வேண்டியதே இல்ல, நியாயமான கேள்வி. தராசுல நிலக்கடலைப் பருப்பைக் கொட்டுங்க, 2.5 கிலோ வர்ற வரைக்கும். பக்கத்துல காலி லிட்டர் பாட்டில். இவ்வளவு பருப்பு போட்டாத்தான் சுமாரா இந்த ஒரு பாட்டில் நிறையும்னு காட்டுங்க. அன்னிக்கு பருப்பு என்ன விலைன்னு சிலேட்டுல எழுதுங்க, ஆட்டுற செலவை எழுதுங்க, புண்ணாக்கு வித்து வர்ற காசைக் கழிங்க. கணக்கை மூடி மறைக்காம போட்டா ஜனங்க நம்புவாங்க. எங்க வீட்டுக்காரர் மொதல்ல இதுக்கு ஒத்துக்கலை, லாபம் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னார். தெரியட்டும்னேன். அந்த வீடியோவுக்கு அப்புறம் பேரம் பேசறது நல்லாவே குறைஞ்சிருக்கு.

நோட்டைப் புரட்டினா ஒரே கேள்வி வேற வேற ஆள் கையெழுத்துல திரும்பத் திரும்ப இருக்கும், அதுக்குத்தான் மொதல்ல வீடியோ எடுக்கணும். எங்களுக்கு மார்கழி தை வந்தா தேங்காய் எண்ணெய்தான். பெங்களூர், ஊட்டி பக்கம் கொரியர் வாங்கறவங்க "உறைஞ்சு போச்சுங்க, மெழுகு கிழுகு கலந்திருக்கா?"ன்னு போட்டோ அனுப்புவாங்க. சுமார் 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காய் எண்ணெய் உறையத்தான் செய்யும், வெந்நீர்ல பாட்டிலை வெச்சா இளகிடும். ஒரு தடவை எடுத்த வீடியோ வருஷா வருஷம் உதவும், யாராவது கேட்டா லிங்க்கை அனுப்பிட்டு அடுத்த வேலையைப் பாக்கலாம். அதே மாதிரி, கடலை எண்ணெய்ல வடை சுட்டா நுரை பொங்குதுன்னு கேப்பாங்க, ரீபைண்ட் எண்ணெய்ல எடுத்துடற பசை எல்லாம் இதுல அப்படியே இருக்கறதால வர்ற நுரை அது. காஞ்ச எண்ணெய்ல சின்னதா ஒரு புளி உருண்டையைப் போட்டு எடுப்பாங்களே நம்ம ஊர்ல, அதை எங்க அத்தையை விட்டே செய்யச் சொல்லி எடுத்தேன். அந்த நுரை அடங்கற நேரம் பாக்கறதுக்கே அவ்வளவு நல்லா இருந்துச்சு.

இப்ப எல்லாரும் ஏஐ கிட்ட கேக்கறாங்க. நானும் கேப்பேன். "திரைக்குப் பின்னால் நடப்பதைக் காட்டுங்கள், வாடிக்கையாளர் அனுபவத்தைப் பகிருங்கள்"னு பட்டியல் கொடுக்கும், தப்பு சொல்ல முடியாது, ஆனா அந்தப் பட்டியல் துணிக் கடைக்கும் பொருந்தும் பஞ்சர் கடைக்கும் பொருந்தும். உங்க கடையில திரைக்குப் பின்னால என்ன இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும். எங்களுக்கு அது எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி போடற நேரம். எள்ளை மட்டும் போட்டா மாவு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும், எண்ணெய் சீக்கிரம் பிரியாது. கருப்பட்டியை உடைச்சுப் போட்டதும் அந்தப் பிசுக்குல புண்ணாக்கு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து உரல் ஓரத்துல ஒட்ட ஆரம்பிக்கும், நடுவுல கருகருன்னு எண்ணெய் ஊறி நிக்கும், கடை பூரா ஒரு வாசம். வாசத்தை போன்ல காட்ட முடியாதுதான், ஆனா வாகை மர உலக்கை உரலோட உரசற கிர்ர் சத்தத்தை அப்படியே விட்டுடலாம். சினிமா பாட்டு போடாதீங்க, பிசினஸ் அக்கவுண்ட்ல பாதி பாட்டு கிடைக்காது, கிடைச்சாலும் உரிமைப் பிரச்சனை வரும். சொந்தக் கடை சத்தத்துக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம்.

கூலிக்கு ஆட்டிக்க சொந்த எள்ளு கொண்டு வர்ற பாட்டி ஒருத்தர் இருக்காங்க. மூட்டையை இறக்கினதும் மாமனார் ஒரு பிடி எள்ளு எடுத்து உள்ளங்கையில தேய்ச்சுப் பாத்து "இன்னும் ஒரு வெயில் காட்டணும் ஆத்தா"ன்னார், பாட்டி தானும் தேய்ச்சுப் பாத்து, ரெண்டு எள்ளை வாயில போட்டு நறுக்குனு கடிச்சு, "இல்லப்பா, காஞ்சிருக்குது, நீ போடு"ன்னாங்க. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கலை. பாட்டிகிட்ட கேட்டுட்டு கையை மட்டும் எடுத்தேன், சுருக்கம் விழுந்த கை, கருப்பு எள்ளு, பின்னாடி ரெண்டு பேர் வாக்குவாதம். இதை நானா உக்காந்து யோசிச்சிருந்தா ஜென்மத்துக்கும் வந்திருக்காது. கஸ்டமரை எடுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் கேளுங்க, முகம் வேண்டாம்னா கையும் குரலும் போதும்.

அடுத்தது காலண்டர். ஆடின்னா எங்க பக்கம் தேங்காய் சுடற நோம்பி, சித்திரை வைகாசியில ஊறுகாய், மாவடுவுக்கு விளக்கெண்ணெய் தேடுவாங்க, ஐப்பசியில தீபாவளிப் பலகாரமும் எண்ணெய்க் குளியலும், கார்த்திகையில விளக்கு. நம்ம வருஷமே எண்ணெயில ஓடுது, அப்புறம் எதுக்கு எங்கயோ போய் ஐடியா தேடறது. ஆனா தீபாவளி அன்னிக்கு போஸ்ட் போட்டு பிரயோஜனம் இல்ல, முறுக்கு சுடறவங்க ஒரு வாரம் முன்னாடியே எண்ணெய் வாங்கிடுவாங்க, அதனால ரெண்டு மூணு வாரம் முன்னாடியே "ஒரு கிலோ முறுக்கு மாவுக்கு எவ்வளவு எண்ணெய் வாங்கணும்"னு போடணும். தீபாவளி அன்னிக்கு லோகோ ஒட்டின வாழ்த்துப் படம் போடறாங்களே எல்லாரும், அதை நான் நிறுத்தச் சொல்லுவேன். அன்னிக்கு எல்லார் போன்லயும் அதே படம்தான் வந்து குவியும், யாரும் திறந்து பாக்கறதில்ல.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். "இந்த எண்ணெய் சாப்பிட்டா சர்க்கரை குறையும், கொலஸ்ட்ரால் ஓடிடும்"னு வீடியோ போட்டா வியூஸ் அள்ளும், தெரியும். போடாதீங்க. உணவுப் பொருளைப் பத்தி தப்பான விளம்பரம் பண்ணினா 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 10 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு, ரீல்ஸும் விளம்பரம்தானே. அதை விட, அதை நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க? எங்க கடையில "நல்ல எள்ளு, நல்ல கருப்பட்டி, எங்க கண்ணு முன்னாடி ஆட்டினது" இவ்வளவுதான் சொல்லுவோம், லேபிள்ல இருக்கற 14 இலக்க FSSAI உணவு லைசென்ஸ் நம்பரை கிட்டக்க வெச்சுக் காட்டுவோம்.

எங்க போடறதுன்னும் கேப்பாங்க. எங்க அனுபவத்துல இன்ஸ்டாவுல பாக்கறவங்க வெளியூர், வாங்கறவங்க பெரும்பாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாக்கற உள்ளூர் ஆளுங்க. அதனால ஒரே வீடியோவை ரெண்டுலயும் போடுவேன், ஸ்டேட்டஸ்ல மட்டும் "இன்னிக்கு சாயங்காலம் நல்லெண்ணெய் இறங்கும்"னு ஒரு வரி சேப்பேன். வாட்ஸ்அப்ல ஒரே மெசேஜை நிறைய பேருக்கு தனித்தனியா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல மெசேஜ் அனுப்பினா நம்ம நம்பரை சேவ் பண்ணி வெச்சிருக்கறவங்களுக்குத்தான் போகும், நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. பில் போடும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கங்க அக்கா"ன்னு கேட்டு, அவங்க போன்ல பண்றதைப் பாத்துட்டுத்தான் மீதிச் சில்லறையைக் கொடுப்பேன்.

வீடியோவுல எழுத்து பெருசா தமிழ்ல இருக்கட்டும், பஸ்ல போறவங்க சத்தம் வெக்காமத்தான் பாப்பாங்க.

எண்ணெய் கடைக்கு சரி எங்களுக்கு என்னன்னு கேக்காதீங்க. பிளவுஸ் தைக்கற என் சிநேகிதி நோட்டுல மொத நாளே "லைனிங் துணியை தண்ணியில நனைச்சுத்தான் தரணுமா"ன்னு நாலு பேர் கேட்டது இருந்துச்சு, நனைக்காம தெச்சு ஒரு தடவை துவைச்சதும் சுருங்கிப்போன பிளவுஸ் ஒண்ணு அவ கிட்டயே இருந்தது, நனைச்சுத் தெச்சது பக்கத்துல வெச்சு எடுத்துட்டா. இட்லி மாவு விக்கறவங்க இருந்தீங்கன்னா இந்த மழை சீசன்ல உங்க நோட்டுல என்ன வரும்னு எனக்கே தெரியும், "வாங்கிட்டுப் போன மாவு காலையில வரைக்கும் பொங்கவே இல்லையே". இன்னிக்கு ராத்திரி ஒரே மாவை ரெண்டு டப்பாவுல ஊத்தி, ஒண்ணை மேடையிலயும் ஒண்ணை அடுப்புக்குப் பக்கத்துல வெதுவெதுன்னு இருக்கற இடத்துலயும் வெச்சு, காலையில ரெண்டையும் திறக்கும்போது போனைப் பிடிங்க.