வீட்டிலேயே கேம்ஷாஃப்ட் பேரிங் மாற்றுதல்

100 முதல் 150 சிசி வரையுள்ள ஒற்றை சிலிண்டர் பைக்குகள் பலவற்றில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட்டினுள் பால் பேரிங்குகளின் மீது சுழல்கிறது. அவை தேய்ந்தபின் எழும் ஓசையை டேப்பெட் ஓசை (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளி கூடும்போது எழுவது) என்று கருதி அந்த இடைவெளியை மட்டும் சரிசெய்வதால் பயனில்லை.

பிரிக்கும் முன் கிராங்க் (பிஸ்டனால் சுழலும் முதன்மைத் தண்டு) முனையிலுள்ள காந்தச் சக்கரமான மேக்னட்டின் 'டி' குறியைக் கேஸின் குறியோடு பொருத்தி, இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதை ராக்கர்களின் தளர்விலிருந்து உறுதிசெய்ய வேண்டும். கேம்ஷாஃப்டின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியதும், அதைக் கிராங்கோடு இணைக்கும் டைமிங் செயின் உள்ளே விழாதபடி கம்பியால் கட்டிவைப்பது அவசியம்.

பழைய பேரிங்கைச் சுத்தியலால் தட்டி எடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பேரிங்கை இழுத்துக் கழற்றும் சிறிய புல்லர் ஒன்றை வாங்குவது எவ்வளவோ மேல். புதிய பேரிங்கை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அது ஷாஃப்டில் எளிதாக ஏறும்; அழுத்த நேர்ந்தால், குண்டுகளின் வழியே விசை செல்லாதபடி உள்வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும்.

கேம் முனைகளில் எண்ணெய் தடவிப் பூட்டி, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் போல்ட்டுகளை முறுக்கியபின், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளை மீண்டும் சரிபாருங்கள். கேம் ஒருமுறை சுழலக் கிராங்க் இருமுறை சுழல வேண்டும். இறுதியாக, எஞ்சின் குளிர்ந்த நிலையிலேயே இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் டேப்பெட் இடைவெளியை அமைக்கவும்.