தண்டல் அட்டை

சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். சாலையோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் வந்த பி.எம். ஸ்வநிதி கடன் என் மேசைக்குத்தான் வரும். அப்போது முதல் கடன் 10,000 ரூபாய், அடமானம் கிடையாது. ஒரு வருடத்துக்குள் மாதத் தவணையாகக் கட்டிவிட்டால் அடுத்து 20,000. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமும் உண்டு. இதைவிட நல்ல கடன் எங்கே கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

2021 கடைசியில் மீன் விற்கிற அக்கா ஒருவருக்குக் கொடுத்தோம். கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஏசியில் கவுச்சி நிற்கும் என்று கதவோரமே நின்று பேசுவார். தவணைத் தேதி 5 என்று போட்டது நான். ஏன் 5? எல்லோருக்கும் அதுதான்.

2022 மே, ஜூன் இரண்டு தவணையும் கணக்கில் பணமில்லாமல் திரும்பின. அபராதம் வேறு. நேரில் போனேன். "தடைக்காலம் சார், தெரியாதா?" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் வருகிற கொஞ்ச மீனும் ஏலத்தில் யானை விலை. காசிமேட்டிலேயே உட்கார்ந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லை.

கூடை ஓரத்தில் ஒரு தண்டல் அட்டை கிடந்தது, தினமும் வந்து வசூலிக்கிற தனியார் கடனுக்கான அட்டை. 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100, நூறு நாள். வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். ஆனால் அட்டையில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. மே மாதம் முழுக்க 50, 50 என்றே இருந்தது.

"பாதி குடு போதும், மீதிய அப்புறம் பாத்துக்கலாம்னு அவனே சொல்லிட்டான் சார். நீங்க மாசத்துக்கு ஒரு தபா மொத்தமா கேக்குறீங்க. எங்கிட்ட காசு ஒரு ராத்திரி தங்காது. விடியக்காலம் ஏலத்துக்குப் போயிடும்."

தண்டல்காரர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பாதிக்கும் சேர்த்துப் பின்னால் நாட்களை நீட்டி வாங்கிக்கொண்டார். ஆனால் அக்காவின் கல்லா எப்போது நிறையும், எப்போது காலியாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் கணினியில் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி.

தவணையை நாள் கணக்கில் பிரிக்க வழி இருக்கிறதா என்று மேலே கேட்டுப் பார்த்தேன். மென்பொருளில் இடமில்லை என்றார்கள். சரி, தினமும் 30 ரூபாய் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள் அக்கா என்றேன். சிரித்தார். ஐஸ் வாங்க எடுத்துவிடுவாராம்.

ஜூலையில் பாக்கியை முழுக்கக் கட்டினார், பாதி பத்து ரூபாய் நோட்டு. வருடக் கடைசியில் 20,000-க்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம்.

"மாத வருமானம் எவ்வளவு அக்கா?"

"எந்த மாசத்துக்கு சார்?"

12,000 என்று நானே போட்டேன்.