பஸ் கூரையில் மோர்மிளகாய்

அமெரிக்காவில் ஒரு பஸ்ஸையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறோம். "பஸ்ஸில் ஃப்ரிட்ஜ் இருக்கா அக்கா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இருக்கிறது. வெயிலில் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. பால், தயிர், தோசை மாவு வைத்தாலே நிறைந்துவிடும். 4 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன். வெயில் இல்லாத நாளில் விளக்கை அணைத்துவிட்டு அதற்குத்தான் கரண்ட்.

மற்றதெல்லாம் பாட்டி வழிதான். அரிசியில் காய்ந்த மிளகாய், பருப்பை வறுத்து ஆறவைத்து டப்பா. ஊறுகாய்க்குத்தான் தனிக் கவனம் வேண்டும். வண்டி குலுங்கினால் துண்டுகள் எண்ணெய்க்கு மேலே வந்துவிடும்; அப்படியே விட்டால் பூஞ்சை. நிறுத்தியதும் முதல் வேலையாக, ஈரமில்லாத கரண்டியால் அழுத்தி எண்ணெயில் முக்கிவிடுவேன்.

ஆனால் இந்த அரிசோனா வெயில் இருக்கிறதே! காற்றில் ஈரமே கிடையாது. மே மாதம் டூசான் பக்கம் மோர்மிளகாய் போட்டேன். இரவெல்லாம் மோரில் ஊறல், பகலில் பஸ் கூரைமேல் வெள்ளை வேட்டியில் காய்ச்சல். ஊரில் ஒரு வாரம் இழுக்கும், இங்கே நான்காம் நாள் காம்பைப் பிடித்து ஒடித்தால் படக்கென்று உடைந்தது. வாசம் அப்படியே எங்கள் வீட்டு மாடி.

அப்புறம் 7,000 அடி உயர ஃபிளாக்ஸ்டாஃப் போனோம். டூசானில் இறுக்கி மூடிய வத்தல் பொட்டலமெல்லாம் பலூன் மாதிரி உப்பிக்கிடந்தது. கெட்டுப்போச்சோ என்று பதறிவிட்டேன். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளிருந்த காற்று விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று இரவே நான்கை வறுத்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.